வரிசை எண் முப்பத்தொன்று, ஆள் ஒன்று

மூவேந்தர் நகர்த் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு காலத்தில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள் என்பதும், ஒருவன் பட்டியலில் இருந்தான், மற்றவர் பட்டியலில் இல்லை என்பதும், பட்டியலில் இல்லாதவர் விழுந்து செத்துப்போனபோது பட்டியலில் இருந்தவனைச் சுட்டிக்காட்டி, யாரும் சாகவில்லை என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும், செத்தவரின் பெண்டாட்டி சிலம்பாயி அந்த எழுத்தை மாற்றி எழுத வைக்காமல் விடமாட்டேன் என்று நின்றாள் என்பதும், திருச்சிக்குக் கிழக்கே அந்த நகரில் குடியிருக்கும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தத் தொட்டித் தண்ணீரில் சோறு பொங்கித் தின்றோம், எங்களுக்கென்ன.

கோபுரத்தைச் செய்து கொடுத்தது தொழிற்பேட்டையில் இருக்கிற அபிராமவல்லி ஸ்ட்ரக்சுரல்ஸ். அதன் முதலாளி சந்தானகோபாலனுக்கு இந்த உலகம் கிலோவாகத்தான் கண்ணுக்குத் தெரியும். செய்த இரும்பு எத்தனை கிலோவோ அத்தனைக்குத்தான் வேலை கொடுக்கிற அரசாங்கத் துறை காசு கொடுக்கும் என்பதால், பாலம் என்றாலும் எத்தனை டன் என்பார், கோயில் கொட்டகை என்றாலும் எத்தனை டன் என்பார், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்று, பையன் எப்படி இருக்கிறான் என்று வீட்டில் கேட்டதற்கு, நல்ல வெயிட்டு என்றுதான் அவர் வாயில் வந்ததாம். அப்படிப்பட்ட மனிதர்.

மாடியில், ஏ.சி. போட்ட அறையில், ஜெசிந்தா என்ற பெண் கணினியில் கோபுரம் கட்டுவாள். அதைப் போல் சொகுசான கட்டுமான வேலை உலகத்தில் கிடையாது: புகை இல்லை, பொறி இல்லை, வியர்வை இல்லை, வெறும் கோடு ஒன்றை இழுத்து, இது ஆறங்குலச் சேனல் என்று சொன்னால் கோடு சேனலாகிவிடும், இது சதுரக் குழாய் என்று சொன்னால் குழாயாகிவிடும், இரண்டு குழாய் மூலையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றால் ஒரு தட்டில் இரண்டும் சாய்வாக வெட்டுப்பட்டுப் பொருந்திக்கொள்ளும், சேருகிற இடத்தில் இன்னொரு தட்டுத் தட்டினால் வெல்டிங் முழுசாக ஓடி முடிந்துவிடும். எல்லாம் ஆனபின், எந்த உருப்படி, எத்தனை எண்ணிக்கை, என்ன நீளம், என்ன எடை என்று பட்டியல் தானாக வந்து விழும். தானாக வருவதால் அதை யாரும் படிப்பதில்லை.

படத்தில் ஓர் ஆளை நிறுத்துவது அந்தத் தொழிலின் வழக்கம். "ஏம்மா ஜெசிந்தா, மேல ஒரு ஆள நிக்க வைம்மா, அப்பத்தான் கோபுரம் எம்புட்டு ஒசரம்னு ஏ.ஈ. மண்டையில ஏறும்," என்பார் சந்தானகோபாலன். கணினியில் இலவசமாகக் கிடைக்கிற ஆட்களில் ஒருவனை, தலையில் தொப்பியும் சாம்பல் சட்டையும் போட்ட ஒருவனை எடுத்து, உச்சி மேடையில், இடது கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்க, வலது கை முழங்கையில் மடிந்திருக்க அவள் நிறுத்தி வைத்தாள். பட்டியல் எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளை நீக்கிவிட வேண்டும் என்பதும் வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு டெண்டர் மூடுகிற நேரம், பின்னால் நின்றுகொண்டு முதலாளி சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை எடுத்ததில் அவள் நீக்க மறந்தாள். அந்தக் கோப்பில் இருப்பதெல்லாம் இரும்பு என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால், கணினி ஆளையும் இரும்பாக எடை போட்டுக் கடைசி வரியில் இப்படி அச்சடித்தது: வரிசை எண் முப்பத்தொன்று, ஆள், எண்ணிக்கை ஒன்று, மைல்ட் ஸ்டீல், ஐந்நூற்று ஐம்பத்தாறு கிலோ.

அந்தப் பட்டியல் மேசை மேசையாகப் போனது. பார்த்தவர்கள் பார்த்தேன் என்று எழுதினார்கள், சரிபார்த்தவர்கள் சரி என்று எழுதினார்கள், ஒப்புதல் கொடுப்பவர் ஒப்புதல் கொடுத்தார், துறையின் ஏ.ஈ. என்கிற உதவிப் பொறியாளர் பச்சை மையில் கையெழுத்திட்டார், சந்தானகோபாலன் கடைசி வரியின் கீழே இருந்த மொத்த எடையை மட்டும் பார்த்து, எதிர்பார்த்ததைவிட அரை டன் கூட வருகிறதே என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஒருத்தராவது அந்தக் கடைசி வரியைப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கோபுரம் எழும்பியது. உச்சி மேடையைக் கிரேனில் தூக்கிய காலையில், சங்கிலி என்றைக்கும் இல்லாமல் முனகுகிறதே என்று கிரேன்காரர் திட்டினார். மேடை உட்கார்ந்தபின் பார்த்தால், சாம்பல் சட்டையும் தொப்பியுமாக, இடது கை கைப்பிடியில், வலது கை மடிந்து, வடகிழக்கைப் பார்த்தபடி ஆள் நின்றுகொண்டிருந்தான். இரும்புதான், தட்டினால் டங்கென்றது. ஆனாலும் மூச்சு விட்டான், வெயில் கண்ணில் பட்டால் இமைத்தான். சூப்பர்வைசர் கீழே போய்ப் பட்டியலை எடுத்து விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து, கடைசி வரியைக் கண்டதும் பென்சிலால் ஒரு டிக் அடித்து, "லிஸ்டுல இருக்குய்யா, வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

பட்டியலில் இல்லாத ஆள் சேவுகன். விராலிமலைப் பக்கத்துக்காரர், வெல்டர், காண்டிராக்டில் வந்தவர். எந்த ரிஜிஸ்டரிலும் அவர் பெயர் இருக்காது, பெயர் இருந்தால் பி.எஃப். கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், இதெல்லாம் எதற்கு என்று சந்தானகோபாலன் பெயர்களை வெளியே நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் உள்ளே விடுவார். உச்சியில் தனியாக வேலை பார்த்த சேவுகனுக்கு இரும்பு ஆள் துணையாக வாய்த்தான். மடிந்திருந்த கையில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடுவார், தோளில் துண்டைப் போடுவார், "என்ன மாப்ள, ஒனக்குப் பசிக்காதா? குடுத்து வச்சவன்டா நீ," என்பார், நெருப்புப் பொறி அவன் பக்கம் தெறித்தால் கண்ணை மூடிக்கொள் என்றும் சொல்லுவார்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் சந்தானகோபாலன் காரில் வந்து இறங்கி, மேலே பார்த்துக் கத்தினார். "கைப்பிடிக்கெல்லாம் ஃபுல் வெல்டிங் அடிச்சிக்கிட்டு இருந்தா என்னிக்கு முடியறது? டேக் வச்சுப் பெயிண்ட அடிச்சு விட்ரு!" டேக் என்றால், இரும்பும் இரும்பும் அப்போதைக்கு விலகாமல் இருக்க வைக்கிற பொட்டு, அதன்மேல் முழு வெல்டிங் ஓட்டினால்தான் அது பிடி. மாடியில் கணினியில் கைப்பிடி முழுக்க வெல்டிங் ஓடியிருந்தது, அதற்கு ஒரு தட்டுத்தானே. சேவுகன் சொன்னபடி செய்தார். மத்தியானம், கேபிளை இழுத்துச் சுருட்டுகையில் கைப்பிடியில் சாய்ந்தார், பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுத்தன, கைப்பிடியும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள். மேலே இரும்பு ஆளின் இடது கை, பிடித்திருந்த கம்பி போனபின்னும், வெறுங்காற்றைப் பிடித்தபடி அப்படியே இருந்தது, வலது கையில் சாப்பாட்டுப் பை ஆடிக்கொண்டிருந்தது. அவரைக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. விராலிமலையில் அடக்கம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே கைப்பிடியை மறுபடி மேலே ஏற்றி, மறுபடி டேக் வைத்து, மறுபடி பெயிண்ட் அடித்தார்கள்.

ஆய்வு நடந்தது, எப்பேர்ப்பட்ட ஆய்வு! தூணை அளந்தார்கள், குறுக்குச் சட்டத்தை அளந்தார்கள், பெயிண்ட் எத்தனை கனம் என்று பார்க்கிற கருவியைத் தூணில் வைத்தார்கள், அப்புறம் ஆளின் முதுகிலும் வைத்து, சட்டைக் காலருக்குக் கீழே பெயிண்ட் மெலிதாக இருக்கிறது, இன்னொரு கோட்டு அடிக்கவும் என்று குறிப்பு எழுதினார்கள். அவன் உயரத்தை டேப்பால் பிடித்தார்கள், மூச்சு விடும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறைவதை, விதிப்படி அனுமதிக்கத்தக்கது என்றார்கள். கைப்பிடியை ஒருத்தரும் ஆட்டிப் பார்க்கவில்லை, பெயிண்ட் ஈரமாக இருந்தது, கையில் ஒட்டும். வரிசை எண் முப்பத்தொன்று, ஆள் ஒன்று, உள்ளது என்று எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இனி எங்கள் நகரின் பெருமையைக் கேளுங்கள். முதல் நாள் நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். இரண்டாம் நாள் கழுத்து வலித்தது, விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்கு முளைத்த கவலை, அவன் யார் வீட்டு ஆள், எந்த ஊர், எந்தக் கூட்டம் என்பதுதான். வடக்கத்தியான் என்றார்கள் சிலர், இந்த மூக்கு எங்க வகையறா மூக்கு என்று சண்டைக்கு வந்தார்கள் சிலர், இரண்டு வகையறா ஆட்களும் ஒரே நாளில் ஏணியில் ஏறி அவனுக்கு மாலை போட்டு, இறங்குகிற வழியில் ஒருத்தரை ஒருத்தர் மிதித்துக்கொண்டார்கள். மேல்தள வீட்டுக்காரர்கள், துணி காயப்போடுகிற இடத்தை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான் என்று புகார் கொடுத்தார்கள், கீழ்த்தள வீட்டுக்காரர்கள், பார்த்தால் என்ன குறைந்துவிட்டது என்றார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் அவன் பார்க்கிற திசையில் உட்கார்ந்து படித்தார்கள். கட்சிக்காரர்கள் வந்து அவன் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், மழையில் அது உரிந்ததும் எதிர்க்கட்சிக்காரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள்.

கடைசியில் அவனுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தது குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகசுந்தரம். தொட்டி நிரம்பி வழிந்தால், வழிகிற தண்ணீர் அவன் தொப்பியில் விழுந்து டங் டங்கென்று தெருவுக்கே கேட்டது, மோட்டாரை நிறுத்த அதைவிட வசதி வேறில்லை, காவலுக்கு வைத்திருந்த கிழவரை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். அவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் விழுந்து செத்தது எங்களுக்கு ஞாபகம் இருந்ததா என்றால், இருந்தது. கோபுரத்தடியில் கோலம் போடும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போட்டோம், அவ்வளவுதான் எங்கள் மனசாட்சி.

சிலம்பாயி மனு எழுதிக்கொண்டு வந்தாள். முதலில் முதலாளியிடம் போனாள். சேவுகனா, அப்படி யாரும் எங்களிடம் வேலை பார்க்கவில்லையே என்றார் அவர். துறைக்குப் போனாள்; காண்டிராக்டரைப் பாரும்மா என்றார்கள். விசாரணை என்று ஒன்று வைக்கிற வரைக்கும் அவள் விடவில்லை. மின்விசிறி ஓடாத ஓர் அறையில், அதிகாரி ஒருவர் முன்னால், ஒரு பக்கம் அவளும் இன்னொரு பக்கம் சந்தானகோபாலனும் உதவிப் பொறியாளரும் நின்றார்கள்.

"என் வீட்டுக்காரரு அந்தக் கோபுரத்துலருந்து விழுந்துதான் செத்தாரு சார். அத எழுதிக் குடுங்க. ஊருல, குடிச்சிட்டு எங்கயோ விழுந்தான்னு பேசுறாய்ங்க. எம்மவன் காதுபடப் பேசுறாய்ங்க. வேல பாத்த எடத்துல செத்தாருன்னு எழுத்துல வேணும்," என்றாள் அவள்.

சந்தானகோபாலன் பட்டியலை நீட்டினார். இந்த யோசனை அவருக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, கெட்ட யோசனை என்றால் சில பேருக்குத் தேடி வந்து தோன்றும். "சார், துறை ஒத்துக்கிட்ட லிஸ்ட் இது. இந்த வேலைக்கு ஆள் எத்தன? ஒண்ணு. இப்ப தளத்துல ஆள் எத்தன? போய்ப் பாருங்க, ஒண்ணு. ஒரு ஆளு விழுந்திருந்தா ஒரு ஆளு கொறையணுமில்ல? யாரு கொறஞ்சா?"

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். உதவிப் பொறியாளரைப் பார்த்தார். ஆய்வறிக்கையில் ஆள் ஒன்று, உள்ளது என்று இருப்பதாக உதவிப் பொறியாளர் சொன்னார். இவ்வளவு தெளிவான கணக்கு அந்த அலுவலகத்துக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று என்பதுபோல் அதிகாரியின் முகம் மலர்ந்தது, அப்போதே எழுதினார்: மேற்படி தளத்திலிருந்து ஆள் எவரும் குறையவில்லை, குறைந்தால் மட்டுமே விபத்து எனக் கொள்ள இயலும், எனவே விபத்து எதுவும் நிகழவில்லை. மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பிரதி சிலம்பாயி கையிலும் கொடுத்தார்கள்.

"அப்ப மேல நிக்கிறது எம்புருசன்ங்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"அது நாங்க சொல்லலம்மா. ஆள் இருக்கு. வேணும்னா நீயே போய்ப் பாத்துக்க," என்றார் அதிகாரி.

அவள் போய்ப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டப்பகலில் ஏணியில் ஏறினாள், நாங்கள் மாடிகளில் நின்று வேடிக்கை பார்த்தோம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஒரு நாதியில்லை. கைப்பிடியைத் தொடாமல், அவன் எதிரே உட்கார்ந்து, அவன் இடது கையைப் பிரித்துப் பார்க்க முயன்றாள், பிரியவில்லை, வலது கையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. சேவுகன் கையில் முழங்கை வரைக்கும் பொறி தெறித்த தழும்பு, உள்ளங்கையில் காய்ப்பு, கட்டைவிரலில் ஒரு நகம் கிடையாது. கீழே இறங்கி வந்தபோது நாகசுந்தரம் இளித்துக்கொண்டு போய், உங்க வீட்டுக்காரர்தானாம்மா என்று விசாரித்தார்.

"வேல செஞ்ச கை இல்ல அது," என்றாள் அவள். "ஒங்க கை மாதிரி இருக்கு."

அங்கிருந்து நேரே பேட்டைக்குப் போய், அபிராமவல்லி ஸ்ட்ரக்சுரல்ஸ் வாசலில், அந்த ஆளை உண்டாக்கினது யார் என்று கேட்டாள். முதலாளி வெளியூர் போயிருந்தார். ஜெசிந்தா கீழே இறங்கி வந்து, நான்தான் அக்கா என்று சொல்லி, அவளை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டாள். அந்த அறையில் சேவுகனின் பெண்டாட்டிக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை, சேவுகனுக்கு யாரும் போட்டதில்லை.

ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு வேறொரு எரிச்சலும் இருந்தது. இரும்பு ஆளுக்கும் கிலோக் கணக்கில் துறை காசு கொடுத்துவிட்டதில் சந்தானகோபாலனுக்கு ருசி கண்டுபோய், அடுத்து வருகிற பாலத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சோறு கேக்க மாட்டான், கூலி கேக்க மாட்டான், விழ மாட்டான்," என்று அடுக்கியிருந்தார். அவனுங்களுக்கு நிக்க மட்டுந்தானே சார் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, "நம்ம சூப்பர்வைசர் மட்டும் வேற என்ன பண்றான்?" என்றாராம்.

கணினியில் கோபுரம் சுழன்றது. கைப்பிடியில் வெல்டிங் முழுசாக, ஒழுங்காக, ஓர் இடம் விடாமல் ஓடியிருந்ததைச் சிலம்பாயி கண்கொட்டாமல் பார்த்தாள். "இதுல இருக்கிற மாதிரி அடிக்க விட்டிருந்தா அவரு இருந்திருப்பாரு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, ஒரு ஆள எழுதி வச்சீங்கன்னா அவன் வந்துடுறான். அவரு பேர எழுதினா வருவாரா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

"வருவாருக்கா. ஒசரம் சரியா இருக்கும், எட சரியா இருக்கும். ஒங்களத் தெரியாது. நிப்பாரு."

சிலம்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையிலிருந்த உத்தரவை மேசைமேல் விரித்து, ஆள் குறைந்தால் மட்டுமே விபத்து என்ற வரியில் விரலை வைத்தாள். "அப்ப இவன அழிச்சிரு. ஆளு கொறையட்டும். எங்க போனான்னு அவிங்க தேடட்டும்."

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது, புரிந்தபிறகும் கை ஓடவில்லை. "மூச்சு விடுறான்க்கா," என்றாள். "நான் போய்ப் பாத்தேன். கண்ண மூடித் தொறக்கிறான். அது பாவமில்லையா?"

"பாவந்தான். அந்தப் பாவத்த எந்தலையில எழுதிரு. அவன் அங்க நின்னுக்கிட்டு இருக்கிற வரைக்கும் எம்புருசன் சாகல. சாகலன்னா நான் யாரு? எம்மவன் யாரு மவன்?"

அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு, சுட்டியைக் கொண்டுபோய் அவன்மேல் வைத்து, நீக்கு என்றாள். உறுதியா என்று கணினி கேட்டது. மனிதர்கள் கேட்காததையெல்லாம் அது கேட்கும். ஆம் என்றாள். பட்டியலில் முப்பதோடு வரிகள் நின்றன. அதே நேரத்தில் மூவேந்தர் நகரில், சாப்பிட்டுவிட்டுப் பல்குத்தும் குச்சியோடு மாடியில் நின்றவர்கள் பார்த்திருக்க, அவன் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கழுத்தில் கிடந்த காய்ந்த மாலைகள் மட்டும் மேடையில் பொத்தென்று விழுந்தன. அவனுக்காக யார் வீட்டிலும் அடுப்பு நிற்கவில்லை.

மறுநாள் தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் ஓடியபோதுதான் எங்களுக்கு இழப்பு உறைத்தது. நாகசுந்தரம் கொதித்துப்போய், எங்கள் ஆளைக் காணவில்லை, உடனே மீட்டுத் தரவும் என்று துறைக்கு மனு எழுதினார், நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். சேவுகன் செத்தபோது ஒரு வரி எழுதாத கை அத்தனையும் அந்த மனுவில் ஓடியது. துறைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சடித்த பட்டியலில், பச்சை மைக்கு மேலே, ஆள் ஒன்று என்று இருக்கிறது, ஆய்வறிக்கையில் உள்ளது என்று இருக்கிறது, காசு கொடுத்தாகிவிட்டது, தணிக்கைக்காரர்கள் வருகிற மாதம். உதவிப் பொறியாளர் சந்தானகோபாலனைக் கூப்பிட்டு, ஒரு வருஷப் பராமரிப்பு உங்கள் பொறுப்பு, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஆள் என்ன ஆனான் என்று எழுத்தில் கொடுங்கள் என்றார்.

முதலாளி மாடிக்கு ஓடினார். "ஏம்மா, அந்த ஆள என்ன பண்ண?"

"லிஸ்டச் சரி பண்ணேன் சார். ஆள எடுத்துட்டுத்தான் லிஸ்ட் எடுக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"திருப்பி வை. மொதல்ல திருப்பி வை!"

"வைக்கலாம் சார். புதுசா வச்சா புது ரிவிஷன் ஆகும். ஏன் எடுத்தோம், ஏன் வச்சோம்னு காரணம் எழுதி ஏ.ஈ. கையெழுத்து வாங்கணும். மொத ஆளு எப்படி வந்தான்னும் எழுதணும்."

அதில் யார் யார் கையெழுத்து மாட்டும் என்று சந்தானகோபாலன் நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு வக்கீல் ஒருவரையும் உதவிப் பொறியாளரையும் வைத்துக்கொண்டு, ஆள் என்ன ஆனான் என்று மூளையைக் கசக்கினார்கள். திருட்டுப் போனான் என்று எழுதலாம் என்றால், அரை டன்னை அந்த உயரத்திலிருந்து எந்தத் திருடன் இறக்குவான். துருப்பிடித்துப் போனான் என்றால், பெயிண்ட் பில் பல்லை இளிக்கும். ஓடிப்போனான் என்றால், இரும்பு ஓடுமா என்று தணிக்கைக்காரன் கேட்பான். உயரத்தில் நின்ற ஒரு ஆள் இல்லாமல் போவதற்கு உலகம் ஒத்துக்கொள்கிற வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: விழுந்தான். விழுந்தான் என்றால் விழுந்தவனைக் காட்ட வேண்டும். அவர்களுக்குத் தெரிந்து அந்தக் கோபுரத்திலிருந்து விழுந்த மனிதர் ஒருத்தர்தான், அவரும் விழவே இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அப்படியாக, அப்படி யாரும் எங்களிடம் வேலை பார்க்கவில்லையே என்று சொன்ன அதே வாய், விராலிமலைப் பக்கத்தில் சந்து சந்தாக நுழைந்து, வெல்டர் சேவுகன் வீடு எது, நம்ம சேவுகன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போயிற்று. கார் நுழையாத தெரு. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் தட்டச்சு செய்த தாளோடு சந்தானகோபாலன் வாசலில் நின்றார். சிலம்பாயி உள்ளே கூப்பிடவில்லை. தெருவில் இருந்த சனமெல்லாம் கூடிவிட்டது.

தாளில் இப்படி இருந்தது: எங்கள் தளத்தில் பணியிலிருந்த சேவுகன் என்பவர் தமது கவனக்குறைவினால் மேடையிலிருந்து தவறி விழுந்து இறந்தார்.

"யாரு கவனக்குறைவு?" என்றாள் சிலம்பாயி.

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா. வழக்கமா போடறது."

"அந்தக் கம்பிக்கு டேக்கு வச்சா போதும்னு சொன்னது யாரு?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்…"

"நீங்க மேல பாத்துக் கத்துனத அங்க கலவை போட்ட பொம்பளைக எல்லாம் கேட்டிருக்காளுக. அத எழுதுங்க. நான் சொல்லித்தான் டேக் மட்டும் வச்சாரு, வெல்டிங் இல்லாததாலதான் கம்பி பேந்துச்சு, எங்கிட்ட வேல பாத்த வெல்டர் சேவுகன் அதுலதான் செத்தாருன்னு எழுதுங்க. மிசின்ல அடிச்சது வேணாம், ஒங்க கையால எழுதுங்க. இல்லாட்டி போங்க, போய் ஒங்க ஆளத் தேடுங்க."

அவர் தெருவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தணிக்கைக்காரர்களை நினைத்துக்கொண்டார். வைத்து எழுத மேசை இல்லை, யாரும் மேசை கொடுக்கவில்லை. பக்கத்துச் சுவரில் வேறொரு வெள்ளைத் தாளை வைத்து, பேனா மை மேல்நோக்கி ஓடாமல் மக்கர் பண்ண, உதறி உதறி, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத தாள் அவர் வாழ்நாளில் அதுவாகத்தான் இருக்கும்.

சிலம்பாயி அதை வாங்கி, கூட்டத்தில் நின்ற தன் மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி எழுத்துக் கூட்டி வாசித்தாள். சேவுகன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தாள். குடித்துவிட்டு விழுந்தான் என்று பேசியவர்களும் அங்கேதான் நின்றார்கள், அவர்களையும் ஒரு பார்வை பார்த்தாள். அதன்பிறகு தாளை மடித்து மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். விபத்தே நடக்கவில்லை என்று எழுதின நாளிலிருந்து மேசை மேசையாக அலைந்ததில், அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. இப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கிளம்பியது. அவர் கையை, அவர் தழும்பை, நகமில்லாத கட்டைவிரலைச் சொல்லிச் சொல்லி அழுதாள், தெருப் பெண்களும் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அவள் ஒத்துக்கொண்டதற்குத் தாளில் ரேகை வாங்காமல் போக முடியாதென்பதால், ரேகை வைக்கிற மைப்பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சந்தானகோபாலன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மகன் அந்தத் தாளைப் பிடித்தபடி அவரைப் பார்த்து, "எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்," என்றான். "அழுது முடிக்கட்டும், நில்லுங்க."